ஞானத்தகப்பனாக யாரை நிறுத்துவது: ரொறன்ரோப் பெரியப்பாவையா, பக்கத்து வீட்டு ரீச்சரையா?

2024 பெப்ரவரி 18, ஞாயிறு

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தது:

"மகளுக்கு உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா, தான்தான் ஞானத்தகப்பன் என்று சொல்லிவிட்டார். வர முடியாதாம், ஆனால் நல்ல கனமான சங்கிலி ஒன்று அனுப்புவாராம். மனைவிக்குப் பக்கத்து வீட்டு ரீச்சரை நிறுத்தத்தான் விருப்பம். அவர் மறைக்கல்வி படிப்பிப்பவர், தனி ஆள், கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. மனைவியின் அண்ணன் சைவம். தாய்மாமன் நான் இருக்க வேறு யாரோ பிள்ளையைத் தூக்குவதா என்று அவருக்கு மனவருத்தம். இது ஒருநாள் சடங்குதானே, சங்கிலி போடுகிறவரை வைத்தால் என்ன என்று அம்மா கேட்கிறா. நான் என்ன செய்ய?"

தம்பி, அம்மாவின் "ஒருநாள் சடங்கு" என்ற பேச்சைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மற்றக் குழப்பமெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. ஞானஸ்நானம் ஒருநாளில் முடியும். ஞானத்தாய் தகப்பனின் வேலை அன்றைக்குத்தான் தொடங்கும். இந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு அவர்களுடைய கடமையில் துணையாக இருக்க ஆயத்தமா என்று பாதர் அவர்களைப் பார்த்துக் கேட்பார். அத்தனை பேர் முன்னால் நின்று கொடுக்கிற வாக்கு அது. வாக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு மறந்துபோகிறவரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 872 தொடக்கம் 874 வரையான சட்டங்களைப் பாருங்கள். ஒருவரே போதும். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். இருவர் என்றால் ஆண் ஒருவர், பெண் ஒருவர். 16 வயது முடிந்த கத்தோலிக்கராக, நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்றவராக, எடுக்கிற பொறுப்புக்கு ஏற்ற விசுவாச வாழ்வு உள்ளவராக இருக்க வேண்டும். பிள்ளையின் சொந்தத் தாயும் தகப்பனும் நிற்க முடியாது. சங்கிலியைப் பற்றி அங்கே எதுவும் இல்லை.

ரீச்சரை நிறுத்துங்கள். மற்ற இருவரைப் பற்றி யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பெப்ரவரி 18, இரவு

மாமனின் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை.

ஞானஸ்நானம் பெறாத ஒருவரை ஞானத்தகப்பனாக எழுத வழியில்லை. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர், எங்கள் ஊர் மெதடிஸ்த ஆட்களைப் போல, ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். சைவ மாமனுக்கு அந்த இடமும் கிடையாது. அதை மழுப்பாமல் சொல்லிவிடுவதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை.

ஆனால் அவருடைய வருத்தம் நியாயமானது. மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிற சனம் நாங்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததால் அந்த மடி இல்லாமல் போகவில்லை. திருகோணமலையில் பாதி வீடுகளில் ஒரு பக்கம் கோணேசர், மறுபக்கம் மாதா. என் தம்பி கட்டியதும் சைவக் குடும்பத்தில்தான். அவனுடைய பிள்ளையை வீட்டிலிருந்து கோயில் வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்தது மாமன். வாசலில் ஞானத்தாயின் கையில் கொடுத்தார். பூசை முடியும் வரை முன்வாங்கில் இருந்தார். பிறகு காது குத்தும்போது தோடு அவருடையது, மடியும் அவருடையது. இதைச் செய்ய யாரிடமும் விசேஷ அனுமதி தேவைப்படவில்லை, வீட்டுக்குள் கதைத்து முடித்தோம்.

போனில் சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போய், முதலில் அவரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் வாயால் கேட்டால்தான் நோகும்.

பெப்ரவரி 20

பாலையூற்றிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "பெற்ற தாய் தகப்பனை விடவா பிள்ளைக்கு வேறு ஆள்? ஏன் அவர்களே நிற்கக் கூடாது?"

தொடக்கத்தில் அவர்கள்தான் நின்றார்கள். புனித அகுஸ்தீனுடைய காலத்தில் பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் பெற்றோர். கைவிடப்பட்ட பிள்ளைகளைக் கன்னியர் தூக்கி வந்து தாங்களே பதில் சொன்னதும் உண்டு. பெற்றோர் நிற்கக் கூடாது என்று 813இல் மைன்ஸ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் விதித்தது. எனக்கு அதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. பெற்றோர் எப்படியும் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டால் பிள்ளைக்கு இரத்தத்துக்கு வெளியே இன்னொரு வீடு கிடைக்கிறது.

ஆகவே, சொந்தத்துக்குள்ளேயே சித்தி, சித்தப்பா என்று முடித்துவிடுகிறவர்கள் ஒருமுறை யோசிக்கலாம். சித்தி எப்படியும் சித்திதான்.

பெப்ரவரி 25, ஞாயிறு

"நீங்கள் இப்படி அழுத்திச் சொல்ல உங்களுக்கு வாய்த்த ஞானத்தாய் யார்?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

அவர் பறங்கிப் பெண், போர்த்துக்கேயர் வழிவந்த குடும்பம். எங்களுக்குச் சொந்தமும் இல்லை, இனமும் இல்லை. அம்மாவுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர், கோயிலில் பக்கத்து வாங்கில் இருப்பவர். வீட்டுக்குள் அவர்கள் கதைப்பது போர்த்துக்கேயம், எங்களோடு தமிழ். நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

அவரிடம் ஒற்றை ரூல் கொப்பி ஒன்று இருந்தது. நீல மட்டை, ஓரம் மடிந்து பஞ்சாகிப்போன கொப்பி. அதில் தன் ஞானப்பிள்ளைகள் எல்லாருடைய பெயரும், ஞானஸ்நானம் பெற்ற திகதியும். பிறந்த நாளை எழுதமாட்டார். அது தாய் தகப்பனின் நாள் என்பார். அந்தத் திகதி வந்தால் பள்ளி விட்டு நேரே அன்ரி வீட்டுக்குப் போக வேண்டும். தையல் மெசினை மூடி மேலே ஒரு துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி வைத்திருப்பார். விசுவாசப்பிரமாணத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். இடையில் தடக்கினால் அவர் எடுத்துக் கொடுக்கமாட்டார், காத்திருப்பார். நாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். சொல்லி முடித்தால் ஒரு துண்டு பட்டர் கேக். அவ்வளவுதான் பரிசு. சங்கிலி, காப்பு, மோதிரம் எதுவும் அவர் எனக்குப் போட்டதில்லை.

என் ஞானஸ்நானச் சட்டை அவர் தைத்தது. என் மகளும் அதையே போட்டாள். வெள்ளைத் துணிக்குள், நெஞ்சுக்கு நேரே உள்பக்கமாக, வெள்ளை நூலால் சின்னச் சிலுவை ஒன்று தைத்திருப்பார். வெளியே பார்த்தால் தெரியாது. விரலால் தடவினால் நூல் தட்டுப்படும்.

1990 யூனில் இங்கே சண்டை மூண்டபோது நாங்கள் உடுத்த துணியோடு வெளிக்கிட்டவர்கள். கோயில் வளவில் சனம் நிறைந்திருந்தது. அங்கே அன்ரி எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பை, அதற்குள் பாண், சீனி, அந்தக் கொப்பி. அங்கே இருந்த தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். இந்தியாவுக்கு வள்ளம் ஏறிப் போனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் "போய்விட்டார்கள்" என்று எழுதினார். யாருடைய பெயரையும் வெட்டவில்லை. அன்று இரவு அப்பா எங்கே என்று தெரியாமல் அம்மா வாயடைத்துப்போய் இருந்தா. எங்களுக்குச் செபமாலை சொல்லித் தந்து படுக்க வைத்தது அன்ரி. மற்ற நாள் மத்தியானம் அப்பா வந்து சேர்ந்தார்.

1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர். அந்த மொழியை அடுப்படியில் கதைத்த ஒரு பெண்ணிடம்தான் நான் தமிழில் செபம் படித்தேன். இந்த இரண்டு உண்மையும் எனக்கு வேண்டும், ஒன்றை வைத்து மற்றதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஞானத்தாய் என்றால் எனக்கு வருகிற முகம் இதுதான். ஆகவேதான் ரீச்சர் என்று எழுதினேன்.

பெப்ரவரி 26

கொப்பி எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அன்ரியின் மகளிடம் இருக்கிறது, அவுஸ்திரேலியாவில்.

மார்ச் 3, ஞாயிறு

தம்பியின் அம்மா இன்னொன்றையும் கிளப்பியிருக்கிறா: ரீச்சருக்குப் பெறாமகன் ஒருவன் இருக்கிறானாம், நாளைக்கு இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் வந்தால் ஞான உறவு தடுக்குமாம். பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. ஆனாலும் இந்தப் பயம் எங்கள் கிழடுகளிடம் உண்மையாகவே இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது.

ஞானத்தகப்பன் தன் ஞானமகளைக் கட்டக் கூடாது என்று 530இல் யுஸ்தினியான் பேரரசர் சட்டம் போட்டார். பிறகு அந்தத் தடை விரிந்துகொண்டே போனது. ஒரு காலத்தில் யார் யாரைக் கட்டலாம் என்று ஊரில் தலையைப் பிய்க்கிற அளவுக்கு ஞான உறவு பரவியிருந்தது. ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச் சங்கம் 1563இல் அதைச் சுருக்கியது: ஞானப்பெற்றோருக்கும் பிள்ளைக்கும், ஞானப்பெற்றோருக்கும் பிள்ளையின் தாய் தகப்பனுக்கும், ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும் அவர்களுக்கும் இடையில் மட்டும். 1917 சட்டத் தொகுப்பு பெற்றோரையும் விட்டுவிட்டது. 1983இல் இலத்தீன் திருச்சபையில் அந்தத் தடை முழுதாகவே போய்விட்டது. கேரளத்துச் சீரோ மலபார் சபை போன்ற கீழைச் சபைகளில் இன்றும் உண்டு. அவர்களுடைய 1990ஆம் ஆண்டுத் தொகுப்பில் 811ஆவது சட்டம்.

ஆகவே பெறாமகனுக்கு ஒரு தடையும் இல்லை. திரெந்து சுருக்கிய சட்டத்திலும் ஞானத்தாயின் பெறாமகன் வரவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அம்மம்மா சொல்வா, மச்சான் மச்சாள் முறையில் நாளைக்குக் கலியாணம் பேசக்கூடிய வீட்டில் ஞானத்தாய் தகப்பன் எடுக்கமாட்டோம் என்று. சட்டம் கேட்காததையும் அவர்கள் கடைப்பிடித்தார்கள். அன்ரியின் மகனை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன், யாரும் சொல்லித் தரவில்லை. சட்டம் போனாலும் அந்த முறை வீட்டுக்குள் தங்கியிருக்கிறது. அது தங்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 5

குச்சவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாய். பிள்ளை எட்டு மாதத்தில் பிறந்து மூச்சுக்குத் தவித்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாராம். ஞானத்தாய் தகப்பன் யாரும் நிற்கவில்லை. அது செல்லுமா என்று கேட்கிறார்.

செல்லும் தங்கச்சி. உயிராபத்தில் யாரும் கொடுக்கலாம். தண்ணீர், பிதா சுதன் பரிசுத்த ஆவி என்ற வார்த்தைகள், திருச்சபை செய்வதைச் செய்யும் மனம், இவை இருந்தால் போதும். ஞானப்பெற்றோரைச் சட்டம் "முடிந்தவரை" என்றுதான் கேட்கிறது. இரண்டாவது தடவை ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. பிள்ளை தேறியதும் கோயிலுக்குக் கொண்டுபோங்கள். தைலம் பூசுவது, வெள்ளை உடை, திரி என்று விட்டுப்போனதை அங்கே நிறைவேற்றுவார்கள். அப்போது ஞானத்தாய் தகப்பனை நிறுத்தலாம். அந்த நேர்ஸின் பெயரையும் பங்குக் கோயிலில் சொல்லிப் பதிவில் ஏற்றுங்கள். முடிந்தால் அவரையும் கூப்பிடுங்கள்.

மார்ச் 9

இனி ரொறன்ரோ. அண்ணா கோபித்துவிட்டார் என்றும், "நான் அனுப்பின காசில்தானே வீட்டுக்குக் கூரை போட்டது" என்று சொன்னார் என்றும் தம்பி எழுதியிருக்கிறார். எழுத்திலேயே அவருக்குக் கை நடுங்கியது தெரிந்தது.

முதல் நாள் நான் ரீச்சர் என்று எழுதியபோது அண்ணாவை வெளியே தள்ளவில்லை, அவரைப் பற்றி யோசிக்க அவகாசம் கேட்டேன். யோசித்ததில் மனம் இளகித்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எது? அவர்கள் விரும்பியா போனார்கள்? போனவர்களுக்குப் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் முதல் நன்மையும் வட்ஸ்அப்பில் வருகிற படம்தான். "ஞானத்தகப்பன் நான்" என்று அவர் கேட்பதில், ஊரில் தனக்கு இன்னும் ஒரு இடம் இருக்க வேண்டும் என்ற ஏக்கமும் இருக்கலாம். சங்கிலியை மட்டும் பார்த்து அதைத் தட்டிவிடக் கூடாது.

நேரில் வர முடியாதவருக்காக இன்னொருவர் நிற்கிற வழக்கம் பழையது. ஞானத்தகப்பன் தானோ தன் பதிலாளோ ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் தாங்கவோ தொடவோ வேண்டும் என்று 1917 சட்டத்தில் இருந்தது. தொடுவதுதான் முக்கியம். போனை உயர்த்திப் பிடித்து வீடியோவில் காட்டுவது நிற்பதாகாது. பதிலாளை வைப்பதென்றால் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கதையுங்கள்.

சட்டத்தை விட எனக்கு முக்கியமானது வேறு. என் மச்சாளின் மகன் மூதூரில் வளர்ந்தவன். அவனுடைய ஞானத்தகப்பன் ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரவு வேலை. ஞாயிறு பின்நேரம் அங்கே வேலைக்குப் போக முன் இங்கே அழைப்பார். "இண்டைக்கு என்ன வாசகம்?" இதுதான் முதல் கேள்வி, காசு வந்ததா என்பதல்ல. பையனுக்குச் சில வேளை பதில் தெரியாது. "சரி, நான் வாசிக்கிறன், கேள்" என்று தானே வாசிப்பார். 2006 ஆகஸ்டில் மூதூர் சனம் வெயிலில் நடந்து இடம்பெயர்ந்த நேரம், போன் கிடைக்கவே இல்லை. கிடைத்ததும் அவன் அழுதுகொண்டே சொன்னது, "ஞாயிறு நீங்கள் எடுத்திருப்பீங்கள், நான் வீட்டில இல்லை" என்று. அந்தப் பையன் இன்று குடும்பஸ்தன். தன் மகனுக்கும் அவரைத்தான் கேட்டான்.

இப்படி ஒரு ஆளைத் தூரம் தடுக்காது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்காத ஞானத்தாய்களும் இருக்கிறார்கள், கண்டிருக்கிறேன்.

ஆகவே தம்பி, அண்ணாவிடம் சங்கிலியைப் பற்றிக் கதைக்காதீர்கள். இதைக் கேளுங்கள்: அங்கே பூசைக்குப் போகிறாரா? மகள் முதல் நன்மைக்கு ஆயத்தமாகும்போது அவளோடு போனில் இருந்து செபம் கேட்பாரா? மனதார ஓம் என்றால் அவரை ஞானத்தகப்பனாகவும் ரீச்சரை ஞானத்தாயாகவும் வையுங்கள். ஆண் ஒருவர், பெண் ஒருவர், சட்டமே இடம் தந்திருக்கிறது. பதிலாளாக உங்கள் பக்கத்தில் ஒரு நல்ல மனுசனை நிறுத்துங்கள். தயங்கினால் அவர் பெரியப்பாவாகவே இருக்கட்டும், அதுவும் குறைந்த உறவு இல்லை.

மார்ச் 10

சங்கிலியை நான் பழிக்கிறேன் என்று சிலர் எடுத்துக்கொண்டீர்கள். அப்படி இல்லை. கஷ்டப்பட்ட காலத்தில் பிள்ளையின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்த்தான் பல வீடுகளில் ரியூசன் காசும் மருந்துக் காசும் வந்தது. கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும். கொடுக்க முடியாதவர் அதற்காகவே அந்தப் பொறுப்பைக் கேட்க வெட்கப்படுகிற நிலைதான் எனக்குக் கோபம் தருகிறது. மறைக்கல்வி வகுப்பில் என்னோடு நின்ற ஒரு பிள்ளை, தங்கம் வாங்க வழியில்லை என்று ஞானத்தாயாக வரச் சொன்ன வீட்டுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளைப் போல ஒருத்தி கிடைக்க அந்தப் பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும். அடுத்த தடவை யாராவது அவளைக் கேட்டால், வெறுங்கையோடு வா என்று வாயால் சொல்லிக் கேளுங்கள். அது சொல்லாமல் விளங்குகிற விஷயம் அல்ல.

மார்ச் 16

"தாய் தகப்பன் இல்லாமல் போனால் ஞானப்பெற்றோர்தான் பிள்ளையைப் பொறுப்பெடுக்க வேண்டும், அது சட்டம்" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இதை அப்படியே விடக் கூடாது.

நாட்டுச் சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை. திருச்சபைச் சட்டமும் பிள்ளையின் பராமரிப்பை ஞானப்பெற்றோரிடம் எழுதி வைக்கவில்லை, அது கேட்பது விசுவாச வாழ்வில் துணை. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு, கடல் வந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி எங்கள் கரையில் வெறும் பேச்சாக இருக்கவில்லை. பிள்ளைகளின் பராமரிப்பு, வளர்ப்புப் பெற்றோர் பற்றி 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஞானத்தாய் என்று சொல்லிக்கொண்டு போய் ஒரு பிள்ளையைக் கூட்டி வர முடியாது. நீதிமன்றம், நன்னடத்தை அலுவலர் என்று முறை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்த நேரம் யாரும் யாரையும் கூட்டிப் போகலாம் என்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயம்.

ஆனால் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடற்கரை வீட்டில் தாய் போய்விட்டார், தகப்பன் மீன்பிடி, பித்துப் பிடித்தவர்போல் ஆகிவிட்டார். மகளுக்கு ஆறு வயது. ஞானத்தாய் அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அவளுடைய வீட்டுக்குத் தான் வந்தார். விடிய வந்து தலை பின்னி, சீருடை போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். கடலைப் பார்க்கவே மாட்டேன் என்றிருந்த பிள்ளையைக் கையில் பிடித்து, வீதியின் எந்த மூலையிலிருந்து கடல் தெரிகிறதோ அந்த மூலை வரை ஒவ்வொரு நாளும் நடப்பார். பிறகு திரும்பி வருவார்கள். மாதக்கணக்கில். ஒரு நாள் பிள்ளை தானே அந்த மூலையைத் தாண்டினாளாம். தகப்பனும் மெல்ல மெல்ல எழும்பினார். பிள்ளை தகப்பனோடுதான் வளர்ந்தாள்.

எந்தச் சட்டமும் அந்தப் பெண்ணை இதைச் செய்யச் சொல்லவில்லை. அவர் வாக்குக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

கி.பி. 200 அளவில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞானஸ்நானத்தைப் பற்றி எழுதியபோது, ஞானப்பெற்றோரும் ஆபத்தில் மாட்டுகிறார்கள் என்றார்: அவர்கள் செத்துப்போனால் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம் என்பது அவருடைய வாதம். அந்த வாதம் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அவர் கண்ட கவலையை எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு பிள்ளைக்கு ஒருவரை விட இருவர் இருந்தால் நல்லது என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

இத்தாலியில் ஞானப்பெற்றோரே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களாமே, இங்கேயும் செய்தால் என்ன என்று ஒரு கேள்வி. பாதி சரியான செய்தி. சிசிலியில் கத்தானியா மறைமாவட்டம் 2021 ஒக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு என்று நிறுத்தி வைத்தது. அதற்கு முன் 2014இல் ரெஜ்ஜோ கலாப்ரியாவின் பேராயர், பத்து வருடம் நிறுத்தலாமா என்று உரோமையிடம் கேட்டிருந்தார். அங்கே பாதாளக் குழுக்கள் ஞானத்தகப்பன் உறவை வைத்துத் தங்கள் கட்டை இறுக்கிக்கொள்கின்றன, மற்றவர்களுக்கு அது பரிசும் படமும் மட்டும் ஆகிவிட்டது என்பதுதான் காரணம்.

எங்களுக்கு அது பொருந்தாது. இங்கே அந்த உறவு இன்னும் வேலை செய்கிறது. வேலை செய்யாத இடத்தில் அதைத் திருத்த வழி இருக்கிறது: ஞானஸ்நான ஆயத்த வகுப்புக்குத் தாய் தகப்பன் மட்டும் போகாமல், நிற்கப் போகிறவர்களும் கட்டாயம் வர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்கே தன் பங்கில் போகட்டும்.

மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு

நேற்றுப் பெரிய சனி இரவுப் பூசையில் எல்லாரும் திரி பிடித்து ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பித்தோம். பாதர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, "விட்டுவிடுகிறேன்", "விசுவசிக்கிறேன்" என்று சொன்னபோது ஒன்றைக் கவனித்தேன். முன்னைய காலத்தில் கைக்குழந்தைக்காக இந்தப் பதிலை ஞானத்தாய் தகப்பன்தான் இலத்தீனில் சொன்னார்கள். பிள்ளை பிறந்து சில நாளில் கொண்டுபோய்விடுவார்கள், தாய் இன்னும் பாயில். தூக்கிப்போவது ஞானத்தாய். அம்மம்மா தன் பிள்ளைகள் ஒருவருடைய ஞானஸ்நானத்தையும் கண்ணால் கண்டதில்லை.

குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு சடங்குமுறை 1969இல் வந்தது. அதில் பெற்றோர் முன்னுக்கு வந்தார்கள். நல்ல மாற்றம், தாய் அங்கே நிற்கத்தான் வேண்டும். ஆனால் ஞானப்பெற்றோர் பின்னுக்குப் போனதில், தாங்கள் சும்மா நிற்கிறோம் என்ற எண்ணம் சிலருக்கு வந்துவிட்டது. நிற்கப் போகிறவர்கள் அந்தக் கேள்வி பதிலை முன்கூட்டியே வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பிள்ளையைப் பெற்றவர்களோடு சேர்ந்து அவர்களும் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவார்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் பெரிய மெழுகுதிரியான பாஸ்காத் திரியிலிருந்து பிள்ளையின் திரியைக் கொளுத்தும் வேளையும் வரும். தெரியாமல் நின்று தடுமாறினால் படக்காரன் சொல்கிறபடி ஆடுகிற நிலை வந்துவிடும்.

ஏப்ரல் 8

நேற்று நிலாவெளிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. தம்பி எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். ரொறன்ரோ அண்ணா முதலில் இரண்டு நாள் போன் எடுக்கவில்லையாம். பிறகு தானே அழைத்து, தான் பூசைக்குப் போய்க் கனகாலம் என்றும், இனிப் போகப் பார்க்கிறேன் என்றும், அதுவரை ஞானத்தகப்பன் என்று பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னாராம். சங்கிலி வந்தது, பெரியப்பாவின் சங்கிலியாக. உறுதிபூசுதல் வரும்போது என்னைக் கேள் என்றாராம். அந்த மனுசனுக்கு என் மரியாதை.

ரீச்சர் தனியாக நின்றார். மாமன் வாசல் வரை தூக்கி வந்தார்.

உறுதிபூசுதலுக்கு வேறொருவர் நிற்கலாமா என்று தம்பி கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில்: ஞானஸ்நானத்தில் நின்றவரே நிற்பது விரும்பத்தக்கது என்று அதே 1983 தொகுப்பின் 893ஆவது சட்டம் சொல்கிறது, ஆனால் கட்டாயம் இல்லை. அண்ணா அதற்குள் ஆயத்தமானால் அவரைத் தாராளமாகக் கேட்கலாம், ரீச்சரிடமும் முதலில் கதைத்துவிட்டு.

இன்னொன்று. இந்தக் கிழமையே பங்கு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவின் பிரதி ஒன்றை எடுங்கள். பிள்ளையின் பெயர், உங்கள் இருவரின் பெயர், ரீச்சரின் பெயர், பிறந்த திகதி எல்லாவற்றையும் பிறப்புச் சான்றிதழோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறி, கலியாண நேரத்தில் ஓடித்திரிந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். நின்றவர்களும் பார்த்தவர்களும் பக்கத்தில் இருக்கும்போது திருத்துவது சுகம். பிரதியில் ஒன்று ரீச்சரிடமும் இருக்கட்டும்.